பந்துன்: நிழலும் பொருளும்

மலாய் மக்களின் பந்துன் நான்கே அடிகளில் அடங்கும் சிறு செய்யுள். பெண் கேட்டு வருவோர் அதைக் கொண்டே பேச்சைத் தொடங்குவதும் உண்டு. கேட்டு நிற்கும் நம்மவரிற் சிலரோ, "முன்னிரண்டு அடிக்கும் பின்னிரண்டு அடிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று நகைக்கின்றனர். ஆங்கிலப் பள்ளியில் ஷேக்ஸ்பியரை அளக்கக் கற்ற நாம் பந்துனையும் அளந்து பார்ப்போம்.

அடிதோறும் பெரும்பாலும் 8 முதல் 12 ஒலியசை வரும். முதலடி மூன்றாம் அடியோடும், இரண்டாம் அடி நான்காம் அடியோடும் ஈற்றில் இயையும். தமிழில் எதுகையும் மோனையும் அரசாள, இயைபு பின்வரிசையில் நிற்கும். பந்துனிலோ இயைபே அரசு. விளக்கத்திற்காக நாமே ஒன்று கட்டினோம், பிழை பொறுக்க:

ரப்பர் மரத்தில் பால்வடியும்;
ஓடைப் புறத்தில் பூமணக்கும்;
பொழுது சாய்ந்தால் பணிமுடியும்;
ஊரை நினைத்தால் நெஞ்சுகனக்கும்.

முன்னிரண்டும் 'பெம்பாயாங்'. 'பாயாங்' என்றால் நிழல். பின்னிரண்டும் 'மக்சூட்', அதாவது கருத்து. 'மணக்கும்' என்ற ஒலி செவியில் தங்கி, 'கனக்கும்' என்பதற்கு இடம் பண்ணி வைக்கிறது. எங்கிருந்தோ வரும் பூமணமும் தொலைவிலுள்ள ஊர் நினைவும் உறவில்லாதவையா? நிழலை வெற்றடி என்பது பொருந்தாது.

'பந்துன் பெர்க்காயிட்' என்னும் தொடர்வகையில், ஒரு செய்யுளின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்ததில் முதலாம், மூன்றாம் அடிகளாக மடங்கி வரும். நம் அந்தாதியில் ஈற்றுச் சொல்லோ சீரோ திரும்புவது போதும். இங்கே முழு அடியே திரும்புகிறது. நிழலடி நிழலின் இடத்திற்கும், பொருளடி பொருளின் இடத்திற்குமே செல்வதைக் கவனிக்க வேண்டும். இரண்டு இழைகள் அறுபடாமல் ஓடுகின்றன.

இத்தொடர்வகை ஐரோப்பாவுக்கும் சென்றது. வில்லியம் மார்ஸ்டென் 1812இல் வெளியிட்ட மலாய் இலக்கணத்தில் அது இடம்பெற்றது. விக்டர் ஹியூகோ 1829இல் பாரிஸில் வெளியான தம் நூலின் குறிப்புகளில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். அங்கே 'பந்துன்' ஈற்றெழுத்து மாறிப் 'பந்தூம்' ஆயிற்று. அச்சுக்கோப்பவர் கைவரிசை போலும்! போதலேர் 1857இல் வெளியிட்ட தொகுப்பில் அடிகள் மடங்கும் கவிதை ஒன்று உண்டு. ஆயினும் அதில் நிழலென்றும் பொருளென்றும் பிரிவில்லை.

பாரிஸிலேயே தலைமையகம் கொண்ட யுனெஸ்கோ, மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து முன்வைத்தபடி, 2020இல் பந்துனை மானிட மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது.