சுழன்ற சக்கரமும் கேட்ட குரலும்

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டிகள் உலகின் பல நாடுகளிலும் பெருகி வருகின்றன. அவற்றுட் பல இணைய இணைப்பையும் உடன் கொண்டவை. பாட்டும் செய்தியும் படமும் ஓடும் வண்டிக்குள்ளேயே வந்து சேர்கின்றன. தொடக்கத்தில் இவ்வசதி விலையின்றியே வழங்கப்பட்டது. ஆயின், அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம், 2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் வண்டி வாங்கியோர் இவ்வசதியைத் தொடர்ந்து பெறுவதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வகுத்தது. இலவசம் என்பது எதுவரை, அதனை நிறுத்தும் உரிமை எவர் கையில் உள்ளது என்னும் வினாக்கள் இதனால் எழுகின்றன. இவற்றுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு தக்கதொரு விடை தருகின்றது.

கொழும்பு வானொலி 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் முறைப்படி தொடங்கப்பெற்றது. பாக்கு நீரிணைக்கு அப்பால், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 இல் ஒலிக்கத் தொடங்கிற்று. குடாநாட்டு மக்கள் இரு கரைகளின் குரலையும் கேட்டு வளர்ந்தனர். வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அக்காலத்தில் அனுமதிக் கட்டணம் செலுத்தினர் என்பது உண்மையே. எனினும், எத்தனை மணிநேரம் கேட்டனர், எதனைக் கேட்டனர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. ஒலிபரப்பின் இயல்பே அத்தகையது. ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் அலையை நூறு பேர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்தின் செலவு ஒன்றே. இணையவழிப் பாட்டோ, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பப்படுவது. நடுத்தரமான ஒலித் தரத்தில் ஒரு மணிநேரம் பாட்டுக் கேட்பதற்கு ஏறத்தாழ 58 மெகாபைட் தரவு செலவாகின்றது. கேட்பவர் பெருகுந்தோறும் செலவும் பெருகும். அச்செலவை எவரேனும் ஒருவர் ஏற்றே ஆகவேண்டும்.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் அரிதாகிப் பன்மடங்கு விலை ஏறிற்று. இரவில் ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்ட விளக்கே வீடுகளில் எரிந்தது. ஒஸ்டின், மொறிஸ் மைனர் முதலான பழைய கார்கள், சில துளி பெற்றோலால் உயிர்பெற்றுப் பின்னர் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. ஏனையோருக்குத் துவிச்சக்கர வண்டியே துணையாயிற்று.

அத்துவிச்சக்கர வண்டியே வானொலிக்கும் உயிர் கொடுத்தது. முன்விளக்கை எரிப்பதற்காகச் சக்கரத்தோடு பொருத்தப்படும் தைனமோ, 6 வோல்ற்று அழுத்தத்தில் ஏறத்தாழ 3 வாற்று மின்சாரம் தர வல்லது. சிறிய திரான்சிஸ்ரர் வானொலிக்கு அதிற் சிறு பங்கே போதும். ஆயினும் தைனமோ தருவது திசைமாறி ஓடும் மின்சாரம். அதனை ஒரு திசைப்படுத்தத் தயோட்டும், ஏற்ற இறக்கத்தைத் தணிக்கக் கொள்ளளவியும் வேண்டும். பழுதான வானொலிப் பெட்டிகளிலிருந்து இவற்றைக் கழற்றியெடுத்துப் பொருத்தும் கைத்திறன் ஊர்தோறும் வளர்ந்தது. வண்டியை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவார். சூழ இருப்போர் செவி சாய்ப்பர். சுழற்றும் கை தளர்ந்தாற் குரலும் தளரும். அப்போது அடுத்தவர் கை மாற்றுவார்.

இலண்டனிலிருந்து வந்த பீ.பீ.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் இவ்வாறே கேட்கப்பட்டன. இது பொழுதுபோக்கன்று. எந்தப் பாதை திறந்திருக்கின்றது, படைகள் எங்கு நகர்கின்றன, பேச்சுவார்த்தை என்னவாயிற்று என்பன அறியாது ஒரு குடும்பம் மறுநாளுக்கு ஆயத்தஞ் செய்தல் இயலாதிருந்தது. 1995 அக்டோபர் 30 ஆம் நாள் இரவில், வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். அன்றும் அவர்களுடைய சுமையைத் தாங்கியது பெரும்பாலும் துவிச்சக்கர வண்டியே.

அக்குரலும் இலவசமாக வரவில்லை. ஒலிபரப்பியவரின் செலவு ஒருபுறமிருக்க, கேட்டவரும் தம் கையுழைப்பால் விலை கொடுத்தனர். ஆனால் அவ்விலை செலுத்தியவர் கணக்கை வேறெவரும் முடக்குதல் இயலாது. மின்சாரத்தை நிறுத்தலாம், பற்றறியைத் தடுக்கலாம், கடல் கடந்து வரும் சிற்றலையைச் சோதனைச் சாவடியில் மறித்தல் அரிது. இணையத்தின் நிலை வேறு. 2022 ஏப்ரல் 3 ஆம் நாள், இலங்கையிற் சமூக வலைத்தளங்கள் ஓர் ஆணையினாற் பல மணிநேரம் முடக்கப்பட்டமை அதற்குச் சான்று. எரிபொருள் கிட்டாத அதே ஆண்டில், குடாநாட்டின் தெருக்களில் துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் பெருகின.

புதிய மின்வண்டிகள் சிலவற்றில் மத்திய அலை வானொலி இல்லாது போயிற்று. மின்சாரப் பொறி எழுப்பும் மின்காந்த இரைச்சல் அவ்வலையைக் குலைக்கின்றது என்பதே கூறப்படும் காரணம். 2023 இல் போர்ட் நிறுவனம் தன் புதிய வண்டிகளிலிருந்து அவ்வானொலியை நீக்க முற்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் கைவிட்டது. இடர்க்காலத்தில் எச்சரிக்கை தரும் வழி அது என்பதே எதிர்த்தோர் வாதம். தமிழோசையும் 2017 ஏப்ரல் 30 உடன் தன் சிற்றலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. இன்று ஒருவர் பழைய தைனமோவை எடுத்துச் சுழற்றினாலும், அன்று வந்த அக்குரல் வாராது.

புதுமையை வெறுப்பதற்கு இவ்வரலாறு காரணம் ஆகாது. விரும்பிய பாட்டை விரும்பிய வேளையிற் கேட்கும் வசதி பெரிதே. ஆயினும், மின்வண்டி வாங்குவோர் அதிற் கிடைக்கும் இணையம் எத்தனை ஆண்டுக்கு இலவசம் என்று கேட்பதோடு அமையலாகாது. அவ்விணைப்பு அறுந்த நாளில், வானில் வரும் குரலைப் பற்றித் தரும் எளிய கருவியொன்று அவ்வண்டியில் உண்டா என்றும் கேட்டல் வேண்டும். ஐந்து ஆண்டுகள் இருளிலிருந்து கைமாறிக் கைமாறிச் சக்கரஞ் சுழற்றிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு, அக்கேள்வியின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.