எவர்சில்வர்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்ட வீடுகளில் தட்டும் தூக்குச் சட்டியும் எவர்சில்வர்தான். ‘எப்போதும் வெள்ளி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இரண்டு ஒட்டிப் பிறந்த பெயர். உள்ளே வெள்ளி துளியும் இல்லை. இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம். அது மேற்பரப்பில் கட்டும் மெல்லிய ஆக்சைடு படலமே துருவைத் தடுக்கிறது. சங்க நூல்களில் வேல் என்ற ஆயுதத்தையும் கூர்மையையும் குறித்த ‘எஃகு’ இன்று ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று பாடநூலில் உட்கார்ந்திருக்கிறது.

மலாய்க்காரர் ‘கெலுலி தாஹான் காராட்’ என்பார்கள்: துருவைத் தாங்கும் எஃகு. எனக்கு இதுவே நேர்மையான பெயர். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் ‘எவர்’ என்ற சொல்லை நம்ப முடியாது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல், குளோரைடு கலந்த நீரும் இழுவிசையும் சேர்ந்தால் 304 வகை எவர்சில்வர் துருவே காட்டாமல் வெடிப்பு விடும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். டூப்ளெக்ஸ் வகை இன்னும் மேல்.

சாப்பாட்டுத் தட்டுக்கு எவர்சில்வர் என்ற பெயர் போதும். அழுத்தக் கலனுக்கு ஆர்டர் எழுதுகிறவர்கள் வகை எண்ணையும் எழுதுங்கள்.