கழுத்தில் கேட்கும் ஒலி

1842இல் பிராக் நகரில் கிறிஸ்தியான் டொப்ளர் ஒரு கட்டுரை வாசித்தார். இரட்டை விண்மீன்களின் நிறம்தான் அதன் பொருள். நம்மை நோக்கி வரும் ஒன்றின் அலைகள் நெருங்கும், விலகிப் போவதன் அலைகள் விரியும் என்றார். 1845இல் பைஸ் பலோட் என்ற டச்சுக்காரர் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, பாதையோரம் நின்றவர்களின் காதுகளைக் கொண்டு அதைச் சோதித்தார். விண்மீன் நிறத்துக்கு டொப்ளர் தந்த விளக்கம் நிலைக்கவில்லை. அலை பற்றிய கணக்கு நிலைத்தது.

அந்தக் கணக்கு மனித உடலுக்கு வந்து சேர நூறாண்டுகளுக்கு மேல் ஆனது. 1950களில் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் ஷிகேயோ சட்டொமுரா, தோலின் மேலிருந்தே மீயொலியைச் செலுத்தி இதயத்தின் அசைவைப் பதிந்தார். பிறகு மருத்துவர் ஜிரோ கனெகோவுடன் சேர்ந்து குருதியோட்டத்தையும் கேட்டார். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. 1960இல், இளம் வயதிலேயே, சட்டொமுரா இறந்துபோனார்.

மீயொலி நம் காதுக்கு எட்டாது. ஆனால் அனுப்பிய அலைக்கும் ஓடும் குருதியில் பட்டுத் திரும்பிய அலைக்கும் உள்ள வேறுபாடு எட்டும். ஸ்கான் அறையில் கேட்கும் ‘உஷ், உஷ்’ சத்தம் அதுதான். சியாட்டிலில் பொறியியலாளர் டொனால்ட் பேக்கரும் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்ட்ராண்ட்னெஸும் 1970களில் அந்த ஒலியையும் குழாயின் படத்தையும் ஒரே கருவியில் இணைத்தார்கள். குழாய் ஒடுங்கிய இடத்தில் குருதி வேகமெடுக்கும். ஒலியின் சுருதி ஏறும். கணினித் துறையில் இருக்கும் எனக்கு இது பழகிய வேலை: கலந்து வரும் அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்தெடுப்பது.

1986இல் மிலானில் பவுலோ பினோலியும் சகாக்களும் அடுத்த படியை வைத்தார்கள். குழாய்ச் சுவரின் உட்படைகளின் தடிப்பை மீயொலியால் அளந்து, உடற்கூற்று மாதிரிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். அடைப்பு வருமுன்பே சுவரை அளக்கலாம் என்றானது.

இந்த வரலாறு நம் வீட்டு வாசலுக்கு வந்தது 2000ஆம் ஆண்டில். ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் தெற்காசிய, சீன, ஐரோப்பிய வழிவந்த 985 பேரின் கழுத்து நாடிகளை சோனியா ஆனந்த், சலீம் யூசுப் குழுவினர் அளந்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். சராசரித் தடிப்பு ஐரோப்பியருக்கு 0.75 மில்லிமீற்றர், தெற்காசியருக்கு 0.72. நம் சுவர் சற்று மெல்லியது. ஆனால் இதய, குருதிக்குழாய் நோய் நம்மிடையேதான் அதிகம். சர்க்கரைக் கோளாறும் கொழுப்பின் சமநிலைக் குலைவும் நம்மிடம் கூடுதலாக இருந்தன. அவற்றையும் சேர்த்துப் பார்த்தும் வேறுபாடு முழுவதும் விளங்கவில்லை.

நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் “ஸ்கானில் ஒன்றுமில்லையாம்” என்று சொல்லி நிம்மதியடைவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த 0.72ஐ நான் அவர்களுக்காகவே நினைவில் வைத்திருக்கிறேன். கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ற மற்றக் கேள்விகளை மருத்துவரிடம் நாமேதான் எடுத்து வைக்க வேண்டும்.