ஒரு வகுப்பு இரண்டு முறை பிறந்த கதை

இசைக் கல்லூரியில் சாக்ஸபோன் படிக்கும் பிள்ளைகள் காலையில் பயிற்சி அறைக்குள் போனதும் முதலில் கையிலெடுப்பது வாத்தியத்தை அல்ல, ரீடை. நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ சாக்ஸபோனுக்கு ரீட் அப்படி. சீவாளிக்கு இரட்டை நாக்கு, இதற்கு ஒற்றை நாக்கு. நாணலில் சீவி எடுத்த பட்டை. அதன் நுனி ஒரு காகிதத் தாளின் கனம்தான் இருக்கும். அதை வாயில் வைத்து எச்சிலில் ஊறவைப்பார்கள். பதம் வந்ததும் மவுத்பீஸில் ஒட்டவைத்துத் திருகை இறுக்கி, ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடிப்பார்கள். மூச்சு தீரும்வரை கார்வை. பிறகு அடுத்த ஸ்வரம், மறுபடியும் கார்வை. அரை மணி நேரத்துக்குப் பாட்டு என்ற பேச்சே கிடையாது.

மிச்சிகன், இண்டியானா, நார்த்வெஸ்டர்ன் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று சாக்ஸபோனில் முனைவர் பட்டம்வரை படிக்கலாம். வயலினும் பியானோவும் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே இதற்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலி சும்மா வந்ததல்ல. இந்தப் படிப்பு பாரிஸில் ஒருமுறை பிறந்தது, பதின்மூன்று வயதில் நின்றுபோனது, 72 ஆண்டுகள் கழித்து அதே பாரிஸில் மறுபடி பிறந்தது.

சாக்ஸபோனை உருவாக்கிய அடோல்ஃப் சாக்ஸ் 1814இல் பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்தவர். அப்பா வாத்தியம் செய்பவர். பிள்ளை பட்டறையில் தொழில் பழகினார், பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரியில் கிளாரினெட் படித்தார். வாத்தியத்தைச் செய்யவும் தெரியும், மேடையில் வாசிக்கவும் தெரியும். 1842இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். இசையமைப்பாளர் பெர்லியோஸ் அவருடைய புதிய வாத்தியத்தைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதினார். 1846 ஜூன் 28 அன்று காப்புரிமையும் கைக்கு வந்தது.

உடம்பு பித்தளையாக இருப்பதால் இதை டிரம்பெட்டோடு சேர்த்துவிடுகிறோம். அது சரியல்ல. ஒலி பிறப்பது நாணலில், அதனால் இது கிளாரினெட்டின் உறவு. ஆனால் கிளாரினெட்டின் குழல் மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே அகலம். சாக்ஸபோன் குழல் நாகஸ்வரம்போலக் கீழே போகப்போக விரியும். இந்தக் கூம்பு வடிவம்தான் வித்தையே. கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்குப் போனால் விரலடி மாறிவிடும், புதிதாகப் பழக வேண்டும். சாக்ஸபோனில் கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தினால் போதும், அதே விரலடி மேல் ஸ்தாயியில் பேசும். சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம், திறந்தவெளியில் தூரம்வரை கேட்கும். ராணுவ பேண்டுக்கு வேறென்ன வேண்டும்?

சாக்ஸும் ராணுவத்தைத்தான் குறிவைத்தார். 1845 ஏப்ரலில் பாரிஸின் ஷாம் த மார்ஸ் மைதானத்தில் இரண்டு பேண்டுகள் மோதின. ஒன்று பழைய முறையில் அமைந்தது, மற்றொன்று சாக்ஸ் வகுத்த முறையில் அமைந்தது. கூடியிருந்த கூட்டம் சாக்ஸின் பக்கம் சாய்ந்தது. பாரிஸின் மற்ற வாத்தியத் தொழிற்கூடத்தார் இதைப் பொறுக்கவில்லை. ஒன்றுசேர்ந்து வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். 1848 புரட்சியில் ஆட்சி மாறியதும் ராணுவத்தில் கிடைத்த இடமும் பறிபோனது. மூன்றாம் நெப்போலியன் வந்தபிறகுதான் திரும்பக் கிடைத்தது.

1857இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்கென்று தனி வகுப்புகள் தொடங்கின. அவற்றில் ஒன்று சாக்ஸபோன் வகுப்பு. ஆசிரியர் அடோல்ஃப் சாக்ஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு வாத்தியத்தைச் செய்தவரே அதன் முதல் பேராசிரியராக வகுப்பில் நிற்கிறார். எதிரே சீருடையில் படைவீரர்கள். கரும்பலகையில் எழுதிப்போடப் பாடாந்தரம் என்று எதுவும் கிடையாது. மாணவர்களுக்கு ஆண்டுத் தேர்வு உண்டு, தேர்வுக்கு ஓர் உருப்படி வேண்டும், அந்த வாத்தியத்துக்கு உருப்படி எழுதியவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். சாக்ஸ் என்ன செய்தார் தெரியுமா? எழுதச் சொல்லி நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். வயலின் கலைஞர் ழான்-பாப்டிஸ்ட் சேன்ஜெலே, புல்லாங்குழல் கலைஞர் ஜூல் தெமெர்ஸ்மான், கார்னெட் வித்துவான் அர்பான் என்று பலர் எழுதிக்கொடுத்தார்கள். அவற்றை அச்சிடச் சாக்ஸே பதிப்பகமும் தொடங்கினார். வாத்தியம், மாணவன், தேர்வு, தேர்வுக்கான இசை, அந்த இசையின் அச்சுத்தாள் எல்லாமே ஒரே மனிதரின் உழைப்பில் வந்தன. காப்புரிமை வாங்கிய நாளைவிட இந்த வகுப்பு தொடங்கிய நாளைத்தான் சாக்ஸபோனின் பிறந்தநாளாக நான் கொண்டாடுவேன். கற்றுக்கொடுக்க ஓர் ஆளும் கற்றுக்கொள்ள ஓர் ஆளும் வந்து சேரும்வரை வாத்தியம் பட்டறைச் சரக்குதானே.

1870இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது. ராணுவ மாணவர்களுக்கான வகுப்புகள் நின்றன, சாக்ஸபோன் வகுப்பும் அவற்றோடு போயிற்று. 1852இல் ஏற்கெனவே ஒருமுறை திவாலாகியிருந்த சாக்ஸ், 1873இலும் 1877இலும் மீண்டும் திவாலானார். ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த வாத்தியங்கள் ஏலம் போயின. 1894இல் பாரிஸில் காலமானார். தம் வகுப்பு மறுபடி திறப்பதை அவர் பார்க்கவில்லை. இந்தக் கதையில் என் மனத்தை அதிகம் பிசைவது இதுதான்.

இடைப்பட்ட காலத்தில் வாத்தியம் சாகவில்லை. பேண்டுகளில் இருந்தது. 1872இலேயே இசையமைப்பாளர் பிஸே தம் நாடக இசையில் அதற்கு ஒரு நல்ல இடம் கொடுத்தார். கடல் கடந்து பாஸ்டனில் எலிஸ் ஹால் என்ற சீமாட்டி, காது மந்தமானதால் மருத்துவ யோசனைப்படி சாக்ஸபோன் ஊதத் தொடங்கினார். பணம் கொடுத்துப் பிரெஞ்சு மேதைகளிடம் இசை எழுதி வாங்கினார். தெபுஸியும் பணத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். அவர் விட்டுப்போனதற்கு இன்னொருவர் ஆர்கெஸ்ட்ரா வடிவம் கொடுத்தார்; தெபுஸியின் மறைவுக்குப் பின் 1919இல்தான் அது அரங்கேறியது. பிறகு அமெரிக்காவில் ஜாஸ் பிறந்து, சாக்ஸபோனை உலகமெல்லாம் கொண்டுபோனது. அது தனிக்கதை. இவ்வளவு நடந்தும் பாரிஸ் இசைக் கல்லூரியில் அந்த வகுப்பறை மட்டும் திறக்கவில்லை.

திறந்தவர் மார்செல் ம்யூல். 1901இல் நார்மண்டிப் பகுதியில் பிறந்தார். ஊர் பேண்டை நடத்திய அப்பாதான் முதல் குரு. பள்ளி ஆசிரியர் பயிற்சி முடித்தவர், ராணுவச் சேவைக்காகப் பாரிஸ் வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1923இல் குடியரசுக் காவல்படையின் புகழ்பெற்ற பேண்டில் சேர்ந்தார். கவனியுங்கள், சாக்ஸ் விதைத்தது சிப்பாய்களிடம். முளைத்ததும் சிப்பாய் பேண்டில்தான்.

ம்யூல் பகலில் பேண்டிலும் இரவில் நடன அரங்குகளிலும் வாசித்தார். அரங்குகளில் ஜாஸ்காரர்கள் ஸ்வரத்தை லேசாக அசைத்து வாசிப்பதைக் கேட்டார். பேண்டு மரபில் கார்வை என்றால் கம்பி இழுத்ததுபோல நேராக நிற்கும், அசைவு இருக்காது. அந்த அசைவை அவர் மெருகேற்றிச் செவ்விசைக்குள் கொண்டுவந்தார். தாடை மெல்ல ஏறி இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 300 அலை. தாளம் காட்டும் மெட்ரோனோமை 75இல் வைத்து ஒரு தட்டுக்கு நான்கு அலை என்று எண்ணிச் சாதகம் செய்ய வேண்டும். முதலில் ஆடு கத்துவதுபோலத்தான் இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எண்ணியெண்ணி ஊதியபிறகு ஒருநாள் எண்ணிக்கை மறைந்துபோய் ஸ்வரம் தானாகப் பாடும். நம் ஊரில் கமகத்தை யாரும் எண்ணிச் சொல்லிக்கொடுப்பதில்லை, கேட்டுக்கேட்டு வருவது. அவரோ கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை எண்ணிக்கையில் பிடித்து, அடுத்தவன் கையில் கொடுக்கும் பாடமாக்கினார்.

1928இல் பேண்டு நண்பர்களைச் சேர்த்து நால்வர் குழு அமைத்தார். இசையமைப்பாளர் கிளாசுனோவ் அந்தக் குழுவுக்காகவே 1932இல் ஒரு நால்வர் இசை எழுதினார். 1942இல், ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த இருண்ட காலத்தில், இசைக் கல்லூரி ம்யூலை அழைத்தது. வகுப்பு மறுபடி பிறந்தது.

சாக்ஸுக்கு இருந்த அதே கஷ்டம் இவருக்கும் இருந்தது: பாடம் வேண்டும். ஓபோவுக்காக ஃபெர்லிங் எழுதிய 48 பயிற்சிகளை எடுத்தார். அவற்றில் இல்லாத ஸ்வர வரிசைகளுக்குத் தாமே 12 எழுதிச் சேர்த்து அறுபதாக்கினார். இன்று எந்த நாட்டில் சாக்ஸபோன் மாணவனிடம் கேட்டாலும் ஃபெர்லிங் புத்தகம் பையில் இருக்கும். ஓரங்கள் கிழிந்து, பென்சில் குறிகள் அப்பி, எங்கே மூச்சு எடுப்பது என்று ஒவ்வொரு வரியிலும் அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள். 1968வரை ம்யூல் அந்த வகுப்பில் இருந்தார்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1953இல் லாரி டீலை அமர்த்தியது. அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சாக்ஸபோனுக்கென்றே முழுநேரப் பேராசிரியராக அமர்ந்த முதல் ஆள் அவர்தான். ஃபிரெட் ஹெம்கே பாரிஸுக்குப் போய் ம்யூலிடம் படித்து, 1956இல் கல்லூரியின் முதல் பரிசு பெற்றுத் திரும்பினார். சாக்ஸபோனில் அந்தப் பரிசை வாங்கிய முதல் அமெரிக்கர். பிறகு நார்த்வெஸ்டர்னில் 1962 முதல் ஐம்பது ஆண்டுகள் கற்பித்தார். ம்யூலின் இன்னொரு மாணவர் யூஜின் ரூசோ இண்டியானாவில் வகுப்பு எடுத்தார். ஜாஸுக்கு வழி வேறு. நார்த் டெக்சஸில் 1947இல் பட்டப்படிப்பாக வந்தது, ஆனால் பாடத்தின் பெயர் ஜாஸ் அல்ல, நடன இசைக்குழு. ஜாஸ் என்ற சொல்லைக் கல்லூரி வாசலுக்குள் விட அன்று தயக்கம்.

நம் பக்கத்தில் இந்த வாத்தியம் கல்லூரி வழியாக வரவில்லை. மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத் நாகஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். இங்கும் பேண்டுதான்! கர்னாடக இசையைச் சாக்ஸபோனில் சொல்லிக்கொடுக்க அப்போது ஆளில்லை. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் ராகத்தைக் கற்று, வாத்தியத்தைத் தாமே வளைத்துக்கொண்டார். 1994இல் வந்த ‘டூயட்’ படத்தைப் பார்த்த தமிழர் யாரும் அதில் அவர் வாசித்த சாக்ஸபோன் ஒலியை மறந்திருக்க மாட்டார்கள். கல்யாண மண்டபங்களில் மங்கள இசையாக இன்று சாக்ஸபோன் கேட்பதற்குப் பின்னால் அந்தத் தனி மனிதரின் சாதகம் இருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவன் மேடையேறித் தன் கச்சேரியை நடத்திக் காட்ட வேண்டும். அரங்கில் ஆசிரியர்கள், நண்பர்கள், பெற்றோர்கள். பக்கத்தில் பியானோக்காரர். பல மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் உருப்படிகளில் சேன்ஜெலே எழுதியதும் ஒன்று, சாக்ஸ் தம் வகுப்புத் தேர்வுக்காகக் கேட்டு வாங்கி அச்சிட்ட அதே இசை. மாணவன் தாளை ஸ்டாண்டில் விரிக்கிறான். ரீடை நாக்கால் ஒருமுறை நனைத்துக்கொள்கிறான். பியானோக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மூச்சை இழுக்கிறான்.