அழைத்தவரும் கேட்டவரும்: ஆஸ்திரேலிய வர்த்தக வானொலியில் நேயர் கருத்தின் வரலாறு (1967–2020)

நேயர் தொலைபேசியில் அழைத்து, தொகுப்பாளருடன் நேரலையில் பேசும் நிகழ்ச்சியை ஆஸ்திரேலியர்கள் ‘டாக்பேக்’ என்கிறார்கள். சாதாரண மனிதனுக்குக் கிடைத்த பொதுமேடை என்று அதை நடத்துபவர்கள் சொல்வார்கள். காசுக்கு விற்கப்படும் கோபம் என்று அதைப் பிடிக்காதவர்கள் சொல்வார்கள். இந்தச் சண்டையில் ஒரு கேள்வி கவனிக்கப்படாமலே போயிற்று. தொகுப்பாளரைப் பற்றியும் நிகழ்ச்சியைப் பற்றியும் நேயர் என்ன நினைத்தார் என்பது நிலையத்தின் காதுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது? தொலைபேசி வழியாகப் போகவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்நாட்டின் வர்த்தக வானொலி நமக்கு அவ்வளவு அந்நியமானதும் அல்ல. தமிழகத்தின் வீடுகளை ஒரு காலத்தில் கட்டிப்போட்ட இலங்கை வானொலி வர்த்தகச் சேவையை வளர்த்தெடுத்த கிளிஃபர்ட் டாட், கொழும்புத் திட்டத்தின்கீழ் அனுப்பப்பட்ட ஆஸ்திரேலியர். விளம்பரதாரரை வைத்து நிகழ்ச்சி நடத்தும் கலையை அந்நாட்டு நிலையங்கள் வெகு முன்பே கற்றுத் தேர்ந்திருந்தன.

தொலைபேசி உரையாடலை ஒலிபரப்புவதற்கு ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் தடை இருந்தது. சில நிலையங்கள் அதை மீறிப் பார்த்ததும் உண்டு. 1967 ஏப்ரலில்தான் முறையான அனுமதி கிடைத்தது. 1956இல் வந்த தொலைக்காட்சி மாலை நேரத்துக் குடும்பத்தை வானொலியிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. மிஞ்சியது பகல்பொழுதும் வீட்டிலிருந்த பெண்களும். பாட்டுத் தட்டையும் தொடர் நாடகத்தையும் விட, ஒரு தொலைபேசி இணைப்பு மலிவு. அனுமதி கேட்டு நிலையங்கள் காட்டிய ஆர்வத்தில் கருத்துரிமையைவிடச் செலவுக் கணக்கே எனக்கு அதிகம் தெரிகிறது.

அவதூறும் கெட்ட வார்த்தையும் காற்றில் போய்விடாமலிருக்க ஏழு விநாடித் தாமதம் ஏற்படுத்தப்பட்டது. பதிவாகும் நாடா சற்றுத் தூரம் ஓடி ஒலிக்கும் முனையை அடைவதற்குள், தொகுப்பாளரோ தொழில்நுட்பரோ பொத்தானை அழுத்தி அழைப்பை வெட்டிவிடலாம். நேயர் வாய் திறக்க அனுமதி வந்தபோதே அந்த வாயை மூடும் பொத்தானும் சேர்ந்தே வந்தது. தொடக்க காலத்தில் சிட்னியில் பேர்போன குரல் ‘ஆண்ட்ரியா’ என்று அறியப்பட்ட டோரதி கார்டன் ஜென்னருடையது. மௌனப்பட நடிகை, பத்திரிகைப் பத்தியாளர், இரண்டாம் உலகப்போரில் ஹாங்காங்கில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர். டாக்பேக் சட்டபூர்வமானபோது எழுபதைத் தாண்டியிருந்தார். பின்னாளில் இந்தத் தொழில் முழுக்க ஆண் குரலாகிப் போனதைப் பார்க்கும்போது, அந்தத் தொடக்கத்தை நினைவில் வைப்பது நல்லது.

1980இல் வர்த்தகப் பண்பலை நிலையங்கள் வந்தன. தெளிவான ஒலியைத் தேடி இசை அங்கே குடிபெயர, பழைய மத்திய அலை நிலையங்களுக்குப் பேச்சைத் தவிர வேறு போக்கிடமில்லை. சிட்னியில் 2யூஇ, 2ஜிபி, மெல்பர்னில் 3ஏடபிள்யூ ஆகியவை பேச்சு நிலையங்களாகத் தழைத்தன. ஜான் லாஸ், ஆலன் ஜோன்ஸ், நீல் மிட்செல் போன்றவர்கள் பிரதமர்களே தேடிவந்து பேசும் ஆட்களானார்கள். லாஸின் நிகழ்ச்சி நாடெங்கும் சிற்றூர் நிலையங்களுக்கும் போயிற்று. முன்னாள் ஆசிரியரும் தேசிய ரக்பி அணியின் பயிற்சியாளருமான ஜோன்ஸ் காலை நேரத்தைப் பிடித்துக்கொண்டார். 1996 முதல் 2007 வரை பிரதமராக இருந்த ஜான் ஹாவர்ட், கான்பெராவின் நிருபர்களைத் தாண்டி வாக்காளரிடம் பேச இவர்களுடைய ஒலிவாங்கியைத் தவறாமல் பயன்படுத்தினார்.

இனி, நேயருக்கு வருவோம். வானொலியில் ஒலித்தது நேயரின் கருத்தா? அழைப்பை முதலில் எடுப்பவர் தயாரிப்பாளர். பெயர், ஊர், சொல்ல வந்த விஷயம் ஆகியவற்றைக் கேட்டுத் திரையில் ஏற்றுவார். எது காற்றில் போகும், எது காத்திருந்து களைத்துப்போகும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். ஜோன்ஸின் நிகழ்ச்சியில் தலையங்க உரையும் பேட்டியுமே மேலோங்கியிருந்தன, நேயர் அழைப்புக்கு ஒதுங்கியது சிறு பங்குதான் என்று கிரேம் டர்னர் போன்ற ஊடக ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். கேட்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருமுறைகூட அழைக்காதவர்கள் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அழைக்காத அந்தக் கூட்டத்தின் தீர்ப்பை நிலையங்கள் ஒரு குறிப்பேட்டிலிருந்து தெரிந்துகொண்டன. ஆய்வு நிறுவனம் தெரிவுசெய்த வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கான ஏடு போகும். ஒவ்வொரு நாளும் கால்மணிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று வீட்டார் குறித்துத் திருப்பியனுப்ப வேண்டும். ரசித்துக் கேட்டவருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவருக்கும், கடையில் வேறு யாரோ வைத்ததால் கேட்டவருக்கும் அதே கட்டம், அதே குறி. ஏன் கேட்டீர்கள் என்ற கேள்வி அந்த ஏட்டில் கிடையாது. விளம்பரக் கட்டணம் இந்தக் குறிகளின் கூட்டுத்தொகையில்தான் நின்றது. தொகுப்பாளரின் செருக்கும் அதில்தான் நின்றது.

விளம்பரத்தைத் தொகுப்பாளரே தம் குரலில் வாசிப்பது இத்தொழிலின் முதுகெலும்பு. செய்தியைச் சொன்ன அதே வாய், அதே தொனியில் எண்ணெயையோ காரையோ பரிந்துரைக்கும். இந்த நம்பிக்கையின் விலை என்ன என்பது 1999 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்தது. வங்கிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்த லாஸ் திடீரென்று மென்மையானார். ஆஸ்திரேலிய வங்கியாளர் சங்கத்துடன் அவருக்குப் பண ஒப்பந்தம் இருந்ததை அரசு நிதியில் இயங்கும் ஏபிசி தொலைக்காட்சியின் ‘மீடியா வாட்ச்’ நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் தொடங்கிய விசாரணை ஜோன்ஸின் ஒப்பந்தங்களுக்கும் நீண்டது. தாம் பத்திரிகையாளர் அல்ல, பொழுதுபோக்குக் கலைஞர்; தமக்குப் பத்திரிகை அறநெறி பொருந்தாது என்பது லாஸின் வாதம். 2000இல் ஒலிபரப்பு ஆணையம் விதிமீறல்களை உறுதிசெய்தது. ஆனால் உரிமம் பெற்ற நிலையத்தைத்தான் அதனால் கட்டுப்படுத்த முடிந்தது. தொகுப்பாளரைத் தொடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒப்பந்தங்களை நேயருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற புதிய விதி வந்தது. குறிப்பேடுகளில் பெரிய சரிவு எதுவும் தெரியவில்லை. ஏமாற்றப்பட்டவர்கள் என்று யாருக்காக நாடு கொதித்ததோ, அவர்கள் மறுநாளும் அதே நிலையத்தைத்தான் வைத்தார்கள்.

இதை நேயரின் மூடத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. தினமும் கேட்பவர் தொகுப்பாளரிடம் எதிர்பார்த்தது நடுநிலையை அல்ல, துணையை. மேலும், இந்த ஈர்ப்புக்குப் படித்தவர்களும் விலக்கல்ல. அதே ஒலிபரப்பு ஆணையத்தின் தலைவர் டேவிட் ஃபிளின்ட், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே ஆஸ்திரேலியா குடியரசாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பைப் பற்றிப் பேச லாஸின் நிகழ்ச்சிக்குப் போனார். கண்டனம் எழவே விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். 1999இல் அவர் ஆணையத்தின் கடிதத்தாளிலேயே ஜோன்ஸைப் புகழ்ந்து எழுதிய கடிதம் 2004இல் வெளிவந்தது. அவ்வாண்டே பதவியை விட்டார். கண்காணிக்க வேண்டியவரே நேயர் கடிதம் எழுதியிருந்தார்!

மூன்றாவது வழி புகார். 1992ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டத்துக்குப் பிறகு புகாரை முதலில் நிலையத்துக்கே எழுத வேண்டும். அறுபது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோதான் ஆணையத்தின் கதவைத் தட்டலாம். இந்த வழி எவ்வளவு மெதுவானது என்பதற்கு 2005 டிசம்பர் சாட்சி. சிட்னியின் குரோனுல்லா கடற்கரையில் 11ஆம் தேதி இனக்கலவரம் வெடித்தது. அதற்கு முந்தைய வாரம் ஜோன்ஸ் 2ஜிபியில் பரபரப்பாகப் பேசியிருந்தார். நேயர்கள் அனுப்பியவற்றையும், சுற்றிக்கொண்டிருந்த குறுஞ்செய்தியையும் வாசித்தார். நான் படித்துக் காட்டத்தானே செய்தேன் என்று ஒதுங்கிக்கொள்ள நேயர் கருத்து இங்கே வசதியான மறைப்பாகிவிடுகிறது. வன்முறையைத் தூண்டக்கூடியதும் மத்திய கிழக்கு வம்சாவளியினரை இழிவுபடுத்துவதுமான ஒலிபரப்பு நடந்தது என்று ஆணையம் 2007 ஏப்ரலில் சொன்னது. பதினாறு மாதம்.

ஜோன்ஸைக் கேட்பவர்கள் யார் என்று 2006இல் கிளைவ் ஹாமில்டன் ராய் மார்கன் கருத்துக்கணிப்புத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். வயதில் மூத்தவர்கள், சமயப் பற்றும் பழமைப் பிடிப்பும் மிக்கவர்கள் என்ற சித்திரம் அதில் கிடைத்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் நேயர் கூட்டத்தை ஒரே அச்சில் வார்த்ததாகக் கருதினால் 2019 செப்டம்பரை விளக்க முடியாது. குயின்ஸ்லாந்தின் பிலோயிலா ஊரில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பத்தை நாடு கடத்த அரசு முயன்றது. உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன் 2ஜிபியில் அக்குடும்பத்தின் குழந்தைகளைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். அதே நிலையத்தின் காலை நிகழ்ச்சியில் ஜோன்ஸோ, அவர்களை இருக்கவிடுங்கள் என்றார். படகில் வருவோரைத் தடுக்கச் சொல்லும் ஒருவர், தம் ஊரின் இறைச்சிக் கூடத்தில் வேலைபார்க்கும் குடும்பத்தை விட்டுக்கொடுக்க மறுப்பதுண்டு. பிலோயிலா மக்களே அப்படித்தான் நின்றார்கள். அக்குடும்பம் 2022இல் ஊர் திரும்பியது.

நான்காவது வழியைத் திறந்தவர்கள் நேயர்களே அல்ல. 2012 செப்டம்பரில் ஒரு விருந்தில் பேசிய ஜோன்ஸ், பிரதமர் ஜூலியா கில்லார்டின் மறைந்த தந்தையை இழுத்து இழிவாகப் பேசினார். பேச்சு வெளியே வந்ததும் இணைய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். விளம்பரதாரர்கள் ஒருவர்பின் ஒருவராக விலக, நிகழ்ச்சியின் எல்லா விளம்பரங்களையும் நிலையமே சில காலம் நிறுத்திவைத்தது. 2019 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னைப் பற்றிச் சொன்ன வன்முறை வார்த்தைக்கும் அதே கதி. இம்முறை போன விளம்பரங்கள் எளிதில் திரும்பவில்லை. மனுவில் ஒப்பமிட்டவர்களில் கணிசமானோர் அந்நிகழ்ச்சியைக் கேட்காதவர்களாகவே இருந்திருப்பார்கள். கேட்டவர்கள் விலகவில்லை. மருத்துவர் அறிவுரை என்று சொல்லி 2020 மே மாதம் ஜோன்ஸ் விடைபெற்றபோது, இருநூறுக்கும் மேற்பட்ட அளவீடுகளில் முதலிடம் அவருடையது.

ஆக, அழைப்பு நிகழ்ச்சிக்குத் தீனியாயிற்று, குறிப்பேடு விலையாயிற்று, புகார் கோப்பாயிற்று, கேளாதவரின் கோபம்தான் காசைத் தொட்டது. இதில் ஆய்வாளனுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அளவீட்டுக் கூட்டுத்தொகைகளும் ஆணையத்தின் அறிக்கைகளும் கிடைக்கின்றன. அழைப்புகளின் ஒலிப்பதிவுகள் அப்படியல்ல. ஒலிபரப்பான நடப்புவிவகாரப் பேச்சின் பதிவை நிலையம் ஆறு வாரம் வைத்திருந்தால் போதும், புகார் வந்தால் அறுபது நாள் என்பதே சட்டம். கான்பெராவில் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் இருக்கிறது. நிலையங்களிடம் எஞ்சியிருக்கும் அழைப்பு நாடாக்களை அது கேட்டு வாங்க வேண்டும். தொகுப்பாளர்களின் வாழ்க்கை வரலாறுகள் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. அழைத்தவர்களின் வரலாற்றை எழுத அந்த நாடாக்கள் வேண்டும்.