திரைக்கு வராத காடு

கார்ட்டூன் படத்தில் நாம் பார்ப்பது எல்லாம் யாரோ வரைந்தது என்பது தெரிந்த விஷயம். திரைக்கு வராமலே படத்தின் ரூபத்தைத் தீர்மானித்துவிடுகிற சித்திரங்களும் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. பாத்திரத்தின் முகவெட்டு, உடல்வாகு, அது நடமாடப்போகும் இடத்தின் வெளிச்சம், ஈரம் இவற்றைப் படம் தொடங்கும் முன்பே தேடிப் பார்க்கும் சித்திரங்கள். இன்று இது தனித் தொழில். வீடியோ கேம் கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. முப்பதுகளில், வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில், இது அரைகுறையாக உருவாகிக்கொண்டிருந்தது. 1931ல் அங்கு சேர்ந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்பர்ட் ஹர்ட்டர் தனக்குத் தோன்றியதையெல்லாம் வரைந்து தள்ளினார். பிறகு ஜோ கிரான்ட்டின் கீழ் பாத்திர மாதிரிகளுக்கென்று ஒரு பிரிவே ஏற்பட்டது. களிமண்ணில் உருவம் செய்துகூடப் பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்தது டைரஸ் வாங் பற்றி.

பீலிக்ஸ் ஸால்டனின் 'பாம்பி' நாவலைப் படமாக்க முனைந்தபோது டிஸ்னிக்கு ஒரு சிக்கல் வந்தது. மான்கள் மான்களாகவே இருக்க வேண்டும் என்று முடிவு. ரிக்கோ லெப்ரன் என்ற ஓவியர் மானின் எலும்பு, தசை அமைப்பைப் பாடமாக நடத்தினார். மெயின் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளே ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தன. மான் சரியாக வந்தது. காடுதான் வரவில்லை. 'ஸ்னோ ஒயிட்' பாணியில் இலை இலையாகத் தீட்டிய காட்டில் மான் காணாமல் போயிற்று. காரணம் எளிது: பாத்திரம் செல்லுலாய்ட் தாளில், மைக்கோடும் தட்டையான வர்ணமுமாக இருப்பது, பின்னணி தனியாகத் தீட்டி அதன் அடியில் வைப்பது. அடியில் இருப்பது அதிகம் பேசினால் மேலே இருப்பதன் குரல் எடுபடாது.

வாங் 1938ல் அங்கு சேர்ந்தவர். வேலை, இடைப்படங்கள் போடுவது. முக்கிய நிலைகளைப் பெரிய கலைஞர் வரைந்துவிடுவார். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு உருவம் நகரும் எண்ணற்ற படங்களை இடையில் இட்டு நிரப்ப வேண்டும். கலை என்று இதைச் சொல்வது கஷ்டம். ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவருக்கு இது சித்திரவதையாகத்தான் இருந்திருக்கும். 'பாம்பி' எடுக்கப்போகிறார்கள் என்று அறிந்து, நாவலைப் படித்துவிட்டு, யாரும் கேட்காமலே சின்னச் சின்னச் சித்திரங்கள் தீட்டிக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு மூன்று அடிமரங்கள், பச்சையின் ஒரு தீற்றல், பனிமூட்டம். மான் நிற்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் விவரம், ஓரங்கள் கரைந்துபோகின்றன. கலை இயக்குநர் டாம் காட்ரிக் பார்த்தார், டிஸ்னி பார்த்தார், பிடித்துப்போயிற்று. பின்னணி ஓவியர்கள் இந்தக் கைக்குத் தங்கள் கையைப் பழக்கிக்கொண்டார்கள். 1942ல் வெளிவந்த படத்தில் காடு என்று நாம் உணர்வது இலைகளை அல்ல, இலைகள் விட்டுவைத்த இடத்தை.

இதை ஸுங் வம்சத்து நிலக்காட்சி மரபு என்று சொல்வார்கள். பொய்யில்லை, வாங் அந்த ஓவியங்களைப் போற்றியவர்தான். ஆனால் 'கீழ்த்திசை ஆன்மா' என்று உடனே கிளம்பிவிடுகிற பேச்சில் எனக்குச் சம்மதமில்லை. அவர் பயின்றது லாஸ் ஏஞ்சலிஸின் ஓடிஸ் கலைப் பள்ளியில். எடுத்துக்கொண்ட பாஸ்டல் ஐரோப்பியச் சாதனம். தீர்த்து வைத்த பிரச்னையோ செல்லுலாய்ட் தாளின் பிரச்னை. வெற்றிடம் என்பது மரபிலிருந்து அப்படியே இறங்கி வந்துவிடவில்லை. ஒரு தொழிற்கூடத்தின் தேவை அதைக் கேட்டது. அதைத் தரத் தெரிந்தவர் அங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கடைசி வரிசை தற்செயலா? 1910ல் குவாங்டுங் மாகாணத்தில் பிறந்தவர். சீனத் தொழிலாளர் வரக்கூடாது என்று அமெரிக்கா 1882ல் சட்டம் போட்டிருந்தது. 1906ல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் பதிவேடுகள் எரிந்துபோனதால், இங்கே இருப்பவரின் மகன் என்று வேறு பெயரில் காகிதம் காட்டி வருவது ஒரு வழியாயிற்று. 'காகித மகன்' என்றே இதற்குப் பெயர். 1920ல் தகப்பனாருடன் வந்த சிறுவனும் அப்படித்தான் வந்தான். தந்தையை விட்டுவிட்டு மகனை ஏஞ்சல் தீவில் ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைத்தார்கள். பிறகு, மைக்குக் காசில்லாமல், பழைய பத்திரிகைத் தாளில் தண்ணீரைத் தொட்டு எழுத்துப் பழகச் சொன்னார் தகப்பனார். எழுதியது காய்ந்ததும் மறைந்துவிடும். இதையும் வைத்து ஒரு தத்துவம் பண்ணிவிடலாம், பண்ணாமலிருப்பது மரியாதை.

1941ல் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம். வாங் அதில் சேரவில்லை. ஆனாலும் அதைத் தொடர்ந்த கசப்பில் வேலை போயிற்று. படம் வந்தபோது அவர் அங்கே இல்லை. பெயர்ப் பட்டியலில் பின்னணி ஓவியர்கள் வரிசையில், பலரோடு ஒருவராக, அவர் பெயர் ஓடி மறைகிறது. மற்றவர்களின் தூரிகையை எல்லாம் திருப்பிவிட்டவரை அந்தத் தூரிகைக்காரர்களில் ஒருவராகக் குறித்தது தவறு என்றுகூடச் சொல்ல முடியாது; அவர் செய்த காரியத்துக்குப் பட்டியலில் அன்று இடமே கிடையாது. நம் சினிமா விமர்சனத்துக்கும் இது பொருந்தும்: டைரக்டர், காமிராமேன் என்று பிரித்துப் பாராட்டுகிறோம், படத்துக்கு முந்திய படத்தைப் பார்த்தவன் யார் என்று கேட்பதில்லை.

அவரைத் தடுத்த சட்டம் 1943ல் ரத்தாயிற்று, 1946ல் பிரஜையானார். வார்னர் பிரதர்ஸில் 1968வரை, நிஜ மனிதர்கள் நடிக்கும் படங்களுக்கு முன்சித்திரங்கள் வரைந்தார். டிஸ்னி கம்பெனி அவரைக் கௌரவித்தது 2001ல். ஓய்வுக்குப் பின் மூங்கில் சீவிக் காற்றாடிகள் செய்தார். பூரான், ஆந்தை, பறவைக் கூட்டம். சான்டா மோனிகா கடற்கரைக்கு அவற்றைக் கொண்டுபோய்த் தானே பறக்கவிடுவார். 2016 டிசம்பரில் இறந்தபோது வயது 106.