மாதர் சங்கம்

பெண்கள் கூடிப் பேசவும் கற்கவும் உரிமை கேட்கவும் தாங்களே அமைத்துக்கொண்ட அமைப்பு. கிணற்றடியிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பெண்கள் கூடுவது தமிழகத்தில் பழைய வழக்கம். உறுப்பினர், சந்தா, தீர்மானம் என்று முறையாக நடக்கும் கூட்டங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவின.

பால்ய விதவையாக இருந்து 1911-ல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, அடுத்த ஆண்டே சென்னையில் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். வீட்டை விட்டு வெளியே வராத இல்லத்தரசிகள் அங்கே கல்வியைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் பேசப் பழகினார்கள்.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானது. அன்னி பெசன்ட் தலைவர். மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்று நடத்தினர். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தார். பெண் கல்விக்காக மனுக் கொடுக்கத்தான் கசின்ஸ் நேரம் கேட்டிருந்தார். அரசியல் கோரிக்கை இருந்தால் மட்டுமே சந்திப்பு என்று பதில் வர, மனுவில் வாக்குரிமையும் ஏறியது. சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய்ச் சந்தித்தார்கள். 1921-ல் சென்னை சட்டமன்றம் வாக்களிப்பதற்கு இருந்த பெண் என்ற தடையை நீக்கியது. சொத்துத் தகுதி நீடித்ததால் ஓட்டு சிலருக்கே கிடைத்தது. ஆனாலும் மனுக் கொடுத்த துணிச்சல் வீண்போகவில்லை. இச்சங்கத்தின் முயற்சியால் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வவையின் துணைத் தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராக அங்கே போராடினார்.

அடையாறுச் சங்கத்தில் படித்த, வசதியான வீட்டுப் பெண்களே மிகுதி. ஈ.வெ.ரா. தலைமையிலான சுயமரியாதை இயக்கம் அந்த வட்டத்தை விரித்தது. 1938 நவம்பரில் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானித்தது. தேவதாசி மரபின் கொடுமையை உள்ளிருந்தே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த மாதமே இந்தி எதிர்ப்பு மறியலில் சிறை புகுந்தார். கைக்குழந்தையோடு சிறை சென்ற பெண்களும் உண்டு.

பெண்கள் கூடும் இன்னொரு வடிவமாக, 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1997-98 முதல் 'மகளிர் திட்டம்' வழியே மாநிலமெங்கும் பரவின. குழுவுக்கு 12 முதல் 20 பேர். தரையில் வட்டமாக உட்கார்ந்து சேமிப்பை எண்ணுகிறார்கள். பிள்ளையின் பள்ளிச் செலவு, மருத்துவச் செலவு என்று யாருக்குக் கடன் என்பதை அங்கேயே பேசி முடிக்கிறார்கள். பிறகு தீர்மான நோட்டு கைமாறுகிறது. கைநாட்டு வைத்துவந்தவர், கூட்டிக்கூட்டி எழுதிப் பழகிய தம் பெயரை அதில் போடுகிறார்.